ஃபேன் சுற்றுகிறது, சரி. கோணம் சரியா?

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுத்த இடத்தில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட்டில் ஓடுகிறது. உள்ளே இருப்பது நிலைகாந்த மோட்டார். பெரும்பாலான ஃபேன்களில் காந்தம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்ல சென்சார் கிடையாது, வைண்டிங்கில் எழும் பேக் ஈ.எம்.எஃப்பை (காந்தம் சுற்றுவதால் கம்பிச் சுருளில் பிறக்கும் வோல்டேஜை) வைத்து கன்ட்ரோலரே கணித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த கன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதுகிறவர்கள் (நானும்தான்) முதலில் ஏமாறுவது, மோட்டார் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில். கணித்த கோணம் 30 டிகிரி தப்பினாலும் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் அதே டார்க்குக்கு (சுழற்றும் விசைக்கு) 15 சதவீதம் கூடுதல் கரண்ட் போகும், தாமிர இழப்பு (வைண்டிங் சூடாவதில் வீணாவது) மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும்.

தப்பு பெரும்பாலும் ஃபில்டரில் ஆரம்பிக்கும். சிக்னலில் இரைச்சல் இருக்கிறதே என்று வேகமான ஏற்ற இறக்கத்தை வடிகட்டும் ஒரு எளிய (முதல்-ஆர்டர்) லோ-பாஸ் ஃபில்டரைப் போடுவோம், அதன் கட்-ஆஃப் அலைவெண்ணிலேயே கோணம் 45 டிகிரி பின்தங்கியிருக்கும், அதை வேகத்துக்கு ஏற்றபடி திருப்பிக் கூட்ட மறந்துவிடுவோம். ஒரு தடவை முழு வேகத்தில் போர்டு சூடாகிறதென்று மாஸ்ஃபெட் (வைண்டிங்குக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் எலக்ட்ரானிக் ஸ்விட்ச்) மேல் பழி போட்டு இரண்டு நாள் மாற்றி மாற்றி சால்டர் செய்துகொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் இதுதான். 3000 ஆர்பிஎம்மில் ஓடும், நான்கு போல் ஜோடி (வட-தென் காந்த ஜோடி) உள்ள பம்ப் மோட்டாரில் ஃபில்டரே இல்லாவிட்டாலும், 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்விட்ச்சிங்கில் ஒன்றரை ஸ்விட்ச்சிங் சுழற்சி அளவு கணக்குத் தாமதம் மட்டுமே 11 டிகிரியைத் தின்றுவிடும்.

அப்புறம் ரெசிஸ்டன்ஸ். பேக் ஈ.எம்.எஃப்பைக் கணிக்கும் மாடலுக்கு ஒரு ஃபேஸ் வைண்டிங்கின் ரெசிஸ்டன்ஸும் தெரிய வேண்டும். மல்டிமீட்டரை இரண்டு வயர்களுக்கு நடுவே வைத்தால் ஸ்டார் இணைப்பில் வருவது இரண்டு ஃபேஸின் கூட்டு. பாதியாக்காமல் அப்படியே மாடலில் போடுகிறவர்கள் நிறைய. பாதியாக்கினாலும் அது குளிர்ந்த மோட்டாரின் கணக்குதான், 25 டிகிரி செல்சியஸிலிருந்து 100க்குப் போனால் தாமிரத்தின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 30 சதவீதம் ஏறும். வேகம் அதிகமென்றால் இது தெரியாது. ராத்திரி வேகத்தை 1-ல் வைத்துத் தூங்கும்போதுதான் சிக்கல், ஏனென்றால் அப்போது பேக் ஈ.எம்.எஃப்பே கொஞ்சம்தான், ரெசிஸ்டன்ஸ் பிழையும் டெட்-டைம் (மேல், கீழ் மாஸ்ஃபெட் இரண்டும் ஒரு நொடித்துளி மூடியிருக்கும் இடைவெளி) பிழையும் சேர்ந்து அதை மூடிவிடும்.

நிற்கிற மோட்டாரில் பேக் ஈ.எம்.எஃப் கிடையாது, அதனால் குருட்டாம்போக்கில்தான் கிளப்ப வேண்டும். கிளப்பும்போது எதற்கும் இருக்கட்டும் என்று வைக்கிற பெரிய கரண்டைத் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். வீட்டில் கரண்ட் போய் உடனே திரும்பினால் ஃபேன் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும், ஜன்னல் காற்றில் எதிர்ப்பக்கம்கூடச் சுற்றலாம். மாஸ்ஃபெட்டுகளை எல்லாம் ஆஃப் செய்து வைத்து வைண்டிங் வோல்டேஜை முதலில் பாருங்கள், எடுத்தவுடன் காந்தத்தை இழுத்து நிறுத்தினால் இறக்கை உதறும்.

காந்தம் ரோட்டருக்குள் புதைந்திருந்தால் டி-அச்சு கரண்டைப் (காந்தத்தின் திசையிலேயே போகும் பங்கை) பூஜ்யமாக வைப்பதும் நஷ்டம், ரிலக்டன்ஸ் டார்க் (ரோட்டர் இரும்பின் அமைப்பால் வருவது) இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடுகிறோம். காந்தம் மேற்பரப்பில் இருந்தால் பூஜ்யமே போதும்.

சோதிக்க வாட்மீட்டர் போதும். வேகத்தை மாற்றாமல் கணித்த கோணத்தோடு ஐந்தைந்து டிகிரியாக இருபக்கமும் கூட்டிக் கழித்துப் பாருங்கள். மேற்பரப்புக் காந்த மோட்டாரில் வாட் எங்கே குறைவோ அதுவே ஏறத்தாழ உண்மையான கோணம். அரை மணி ஓடிச் சூடான பிறகு இன்னொரு தடவை, அதுவும் 1-ல் வைத்து. அந்தப் புள்ளி நகர்ந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் பக்கம் போங்கள்.