எல்சி3 பட்டை தடித்தால் ஆட்டோஃபேஜி கூடிவிட்டதா?

சென்ற மாதம் எங்கள் ஆய்வகத்திற்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர், புரதங்களின் அளவைப் பட்டைகளாகக் காட்டும் தம் முதல் வெஸ்டர்ன் பிளாட் படத்தை மலர்ந்த முகத்துடன் என்னிடம் நீட்டினார். சீன மரபு மருத்துவத்தில் பயன்படும் ஒரு வேரிலிருந்து பிரித்தெடுத்த ஆல்கலாய்டைச் செல்களுக்குக் கொடுத்திருந்தார். செல் தன் கழிவைத் தானே செரிக்கும் ஆட்டோஃபேஜியின் அடையாளமாகக் கொள்ளப்படும் எல்சி3-2 புரதத்தின் பட்டை கருத்துத் தடித்திருந்தது. படத்தின் கீழே, "இச்சேர்மம் ஆட்டோஃபேஜியைத் தூண்டுகிறது" என்று எழுதியும் வைத்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய அதே வாக்கியம்.

இத்துறைக்கு வருபவர்கள் ஒருவர்பின் ஒருவராக அதே குழியில் விழுவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். செல் வளர்ப்பில் பூஞ்சை படர்வது, சேர்மத்தை அளக்கையில் தசமப் புள்ளியை இடம் மாற்றிப் போடுவது போன்றவற்றை எவரும் சொல்லித் தருவார்கள்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

தேங்கியதைக் கூடியது என்று படிப்பது

ஆட்டோஃபேஜி என்பது செல் தன் பழுதுற்ற புரதங்களையும் உறுப்புகளையும் இரட்டைச் சவ்வுப் பையில் பொதிந்து, செரிமான அறையான லைசோசோமிடம் ஒப்படைத்துச் செரித்து, கிடைக்கும் அமினோ அமிலங்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு. ஈஸ்டில் இதன் மரபணுக்களைக் கண்டறிந்த யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது. எல்சி3 என்னும் புரதம் கொழுப்பு மூலக்கூறு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு எல்சி3-2 ஆகி, அந்தப் பையின் சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே எல்சி3-2 மிகுந்தால் பைகள் மிகுந்திருக்கின்றன என்று கொள்ளலாம். இதுவரை பிழையில்லை.

பைகள் ஏன் மிகுந்தன என்று கேட்க மறப்பதில்தான் பிழை இருக்கிறது. தெருமுனைத் தொட்டியில் குப்பை நிரம்பி வழிந்தால் துப்புரவுப் பணி மும்முரமாக நடக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லாரி வரவில்லை என்றுதான் சொல்வார்கள். பையின் உட்புறத்தில் ஒட்டிய எல்சி3-2 லைசோசோமுக்குள் பையோடு சேர்ந்து செரிந்துபோக வேண்டியது. லைசோசோம் வேலைநிறுத்தம் செய்தால் அது செரியாமல் குவிகிறது. பை உருவாவது கூடினாலும் பட்டை தடிக்கும், பை செரிப்பது நின்றாலும் பட்டை தடிக்கும்.

நான் அன்று எடுத்துக்கொண்டது ஸ்டெஃபானியா டெட்ராண்ட்ரா வேரிலிருந்து கிடைக்கும் டெட்ராண்ட்ரின். பதினான்கு மாத உழைப்பு, மூன்று வகைப் புற்றுநோய்ச் செல்கள், எல்லாவற்றிலும் தடித்த பட்டை. கட்டுரையை அனுப்பினோம். மதிப்பாய்வாளர் ஒருவர் ஒரே வரியில், பாஃபிலோமைசின் சேர்த்த கிண்ணம் எங்கே என்று கேட்டிருந்தார். லைசோசோமுக்குள் அமிலத்தை ஏற்றும் பம்பை அடைக்கும் மருந்து அது. அச்சோதனைக்கு இரண்டே நாள்தான் தேவைப்பட்டது. பாஃபிலோமைசின் மட்டும் கொடுத்த செல்களிலும், அதனுடன் டெட்ராண்ட்ரினும் சேர்த்துக் கொடுத்த செல்களிலும் பட்டை ஒரே அளவாக நின்றது. செரிப்பு அடைபட்ட நிலையிலும் புதிய பைகள் கூடுதலாக உருவாகியிருந்தால் பட்டை இன்னும் தடித்திருக்கும். என் சேர்மம் எதையும் தூண்டவில்லை, அடைத்திருந்தது. கட்டுரையை நாங்களே திரும்பப் பெற்றுக்கொண்டோம்.

காரணத்தை வேதியியலிலேயே கண்டிருக்கலாம். டெட்ராண்ட்ரின் வலுக்குறைந்த காரம். அத்தகைய மூலக்கூறுகள் சவ்வைக் கடந்து லைசோசோமின் அமிலச் சூழலுக்குள் சென்றதும் புரோட்டானை ஏற்று மின்னூட்டம் பெற்று, வெளியேற வழியின்றி உள்ளேயே குவிகின்றன; அமிலத்தன்மை குன்றுவதால் செரிப்பு நொதிகள் செயலிழக்கின்றன. குளோரோகுயின் செய்வதும் இதுவே. சீன மூலிகைகளில் இத்தகைய காரச் சேர்மங்களான ஆல்கலாய்டுகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், இத்துறையில் இக்குழப்பம் மற்ற இடங்களைவிட அடிக்கடி நேர்கிறது. டெட்ராண்ட்ரின் ஆட்டோஃபேஜியைத் தூண்டுவதாகச் சொல்லும் கட்டுரைகளும் உண்டு, பை உருவாவது முதல் செரிவது வரையிலான ஓட்டத்தை அடைப்பதாகக் காட்டும் கட்டுரைகளும் உண்டு.

இது சொல் வழக்கு பற்றிய சச்சரவு அன்று. கௌடெங் எனப்படும் கொக்கிமுள் கொடியிலிருந்து கிடைக்கும் கோரினாக்சின் போன்ற சேர்மங்களைப் பார்க்கின்சன் நோய்க்காக ஆராய்பவர்கள், நரம்புச் செல்லில் தேங்கும் ஆல்ஃபா-சைனியூக்ளின் என்னும் புரதம் அகற்றப்பட வேண்டும் என்று விரும்புகிறார்கள். அங்கே தூண்டி என்று நம்பி ஓர் அடைப்பானைக் கொடுத்தால் தேக்கம் இன்னும் பெருகும். புற்றுநோய்ச் செல்லிலோ அதே அடைப்பு பயன் தரக்கூடும். இவ்வளவு தெரிந்த பின்னும், ஒற்றைப் பட்டையை வைத்துக்கொண்டு "தூண்டுகிறது" என்று தலைப்பிடும் கட்டுரைகளைக் காணும்போது எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

செய்ய வேண்டியது நான்கு கிண்ணங்கள்: எதுவும் சேர்க்காதது, சேர்மம் மட்டும், பாஃபிலோமைசின் மட்டும், இரண்டும் சேர்ந்தது. பாஃபிலோமைசினை 100 நானோமோலார் அளவில் கடைசி 2 முதல் 4 மணி நேரத்திற்கு மட்டும் சேர்ப்பது வழக்கம். இரவு முழுக்க விட்டால் செல்லின் பிற வேலைகளும் குலையும். இரண்டும் சேர்ந்த கிண்ணத்தில் பாஃபிலோமைசின் மட்டும் உள்ளதைவிடப் பட்டை தெளிவாகத் தடித்திருந்தால்தான் தூண்டல் என்று எழுத இடமுண்டு. இதனோடு சிவப்பும் பச்சையுமாக இரட்டை ஒளிர்புரதம் கோத்த எல்சி3-ஐயும் பயன்படுத்துங்கள். அமிலத்தில் பச்சை அணைந்துவிடும், சிவப்பு நிற்கும். சிவப்பும் பச்சையும் ஒருங்கே தெரியும் மஞ்சள் புள்ளிகள் மட்டுமே பெருகினால் சரக்கு செரிக்கும் இடத்தை எட்டவில்லை அல்லது எட்டியும் அங்கே அமிலம் இல்லை என்று பொருள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. லைசோசோமின் அமிலநிலை குலையும்போது, எல்சி3 ஒற்றைச் சவ்வுள்ள லைசோசோமின்மீதே நேராக ஒட்டிக்கொள்வதுண்டு; அது ஆட்டோஃபேஜியே அன்று. எல்சி3-ஐச் சவ்வில் ஒட்டவைக்கும் ஏடிஜி5, ஏடிஜி7 மரபணுக்களை நீக்கிப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம், இரண்டு வழிகளுக்கும் அவை தேவைப்படுகின்றன. ஆட்டோஃபேஜிப் பை உருவாவதைத் தொடங்கிவைக்கும் எஃப்ஐபி200-ஐ நீக்கிய செல்லிலும் எல்சி3-2 மிகுகிறதா என்று பாருங்கள். மிகுந்தால் அது அந்த வேறு வழியாகத்தான் வந்திருக்கிறது.

பி62-ஐக் கண்மூடி நம்புவது

பி62 ஆட்டோஃபேஜியால் செரிக்கப்படும் புரதம் என்பதால், அது குறைந்தால் ஓட்டம் சீர், கூடினால் அடைப்பு என்று பாடம்போல் சொல்லப்படுகிறது. ஆனால் பி62-இன் மரபணுவை என்ஆர்எஃப்2 என்னும் காரணி முடுக்குகிறது. அதனைத் தட்டி எழுப்பும் தாவரச் சேர்மங்கள் பல. மஞ்சளின் குர்குமின் அவற்றுள் ஒன்று. சீன மருத்துவத்திலும் மஞ்சள் ஒரு மருந்துச் சரக்கு. ஓட்டம் நன்றாக இருக்கும்போதே உற்பத்தி பெருகிப் பி62 ஏறி நிற்கலாம். உற்பத்தி கூடியதா என்று அறிய, பி62 மரபணுவின் படியான எம்ஆர்என்ஏவையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்மமே ஒளிர்வதை மறப்பது

ஹுவாங்லியன் வேரின் பெர்பெரின் மஞ்சள் நிறமுடையது, தானே ஒளிரவும் செய்யும். எங்கள் ஆய்வகத் தோழர் ஒருவர் பெர்பெரின் கொடுத்த செல்களில் பச்சைப் புள்ளிகளை மூன்று வாரம் எண்ணினார். ஒளிரும் எல்சி3 குறியீடு இல்லாத செல்களிலும் அதே புள்ளிகள் மின்னியபோதுதான், தாம் எண்ணியது மைட்டோகாண்ட்ரியாவில் குவிந்த பெர்பெரினை என்று அவருக்குத் தெரிந்தது. குர்குமினும் இவ்வாறே ஏமாற்றும்.

பெயரை நம்பி வேர் வாங்குவது

சீனத்தில் ஃபாங்ஜி என்ற பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளுக்கு வழங்குகிறது. ஹன் ஃபாங்ஜி என்பது டெட்ராண்ட்ரின் தரும் ஸ்டெஃபானியா. குவாங் ஃபாங்ஜி என்பது சிறுநீரகத்தைச் சிதைக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் கொண்ட அரிஸ்டோலோகியா. 1990களின் தொடக்கத்தில் பிரசெல்ஸ் நகரின் உடல் இளைப்புச் சிகிச்சையகம் ஒன்று கொடுத்த மாத்திரைகளில் இவை மாறிப்போயின. 1993இல் மருத்துவர்கள் முதன்முதலாக இதனை அறிவித்தார்கள். பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் நூறைத் தாண்டியது, சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. லத்தீன் பெயரும் வேதிப் பகுப்பாய்வுச் சான்றும் இல்லாத சாற்றைச் செல்மீது ஊற்றாதீர்கள்.

3-மெத்தில் அடினைன்

ஆட்டோஃபேஜியைத் தடுப்பதற்குப் பயன்படுத்தும் சேர்மம் இது. நெடுநேரம் வைத்தால், ஊட்டம் நிறைந்த ஊடகத்தில் அது ஆட்டோஃபேஜியைத் தடுப்பதை விட்டுத் தூண்டத் தொடங்கும்.

டிஎம்எஸ்ஓ

சேர்மத்தைக் கரைக்கும் இக்கரைப்பான், சேர்மம் கொடுக்காத கட்டுப்பாட்டுக் கிண்ணத்திலும் அதே அளவு இருக்க வேண்டும்.

கிண்ணத்தின் அளவும் குருதியின் அளவும்

பெர்பெரின் மைட்டோகாண்ட்ரியாவின் முதல் சுவாசக் கூட்டமைப்பைத் தடுத்து, ஆற்றல் குறைவை ஏஎம்பிகே என்னும் நொதி வழியாக உணரச் செய்கிறது. அங்கிருந்து ஆட்டோஃபேஜிக்கு வழி செல்கிறது என்பது ஏற்கத்தக்க விளக்கம். ஆனால் கிண்ணத்தில் பத்துகளாக மைக்ரோமோலார் ஊற்றப்படுகிறது. வாய்வழி உண்ட பெர்பெரினில் மிகச் சிறு பகுதியே குடலைத் தாண்டுவதால், குருதியில் அது நானோமோலார் அளவிலேயே நிற்கிறது. மிகையளவில் செல் செத்துக்கொண்டிருக்கும்போதும் எல்சி3 பட்டை தடிக்கும். முதலில் செல் பிழைப்புச் சோதனையைச் செய்து, செல்கள் நலமாயிருக்கும் அளவைக் கண்டுபிடித்து, பட்டையை அந்த அளவில் ஓட்டுங்கள். அந்த மாணவியிடம் நான்கு கிண்ணங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன் நான் கேட்டதும் அதைத்தான். அவர் ஐம்பது மைக்ரோமோலார் ஊற்றியிருந்தார்.