டிரெய்லரில் மாதக்கணக்கில் நிற்கும் ஸ்கிராம்ப்ளர்: மூடிவைப்பதில் நேரும் தவறுகள்

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. அதற்கு முந்திய வார இறுதியில் ஜொகூரிலுள்ள கோத்தா திங்கியின் செம்மண்ணில் ஓடிவந்த என் ஸ்கிராம்ப்ளர், அதாவது மண்பாதையில் ஓட்டும் மோட்டார் சைக்கிள், டிரெய்லரில் கட்டியது கட்டியபடியே சிங்கப்பூரின் சுங்கை காடுட்டில் ஒரு பட்டறையின் பின்புறம் நின்றுவிட்டது. எல்லை திறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். 2022 ஏப்ரல் 1ஆம் தேதி தரைவழி முழுமையாகத் திறந்தபோது தார்ப்பாயை விலக்கினேன். சங்கிலி வளைய மறுத்தது. இருக்கை முழுவதும் பூஞ்சணம். டிரெய்லரின் ஒரு சக்கரம் அசையவே இல்லை. இத்தனைக்கும் ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகக்கூடாது என்று நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டியிருந்தேன். அந்த இறுக்கம்தான் வண்டியைக் கெடுத்தது.

வண்டியை நெடுங்காலம் நிறுத்திவைப்பது பற்றி நாம் படிக்கும் அறிவுரைகளில் பல, பனி பொழியும் நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே உறைபனி பகை; இங்கே ஈரம். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியாகவே 80 விழுக்காட்டைத் தாண்டுகிறது. விடியற்காலையில் 90க்கும் மேல். தார்ப்பாயைத் தரைவரை இழுத்துக் கட்டினால் அடியிலிருந்து எழும் ஈரம் வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த உலோகத்தின்மேல் இரவுதோறும் வேர்த்துப் படியும். கூரை இருக்கும் இடமென்றால் தூசுக்கு ஒரு பருத்தித் துணி போதும். திறந்தவெளியென்றால் நடுவில் ஒரு கம்பை நிறுத்திக் கூடாரம்போல் தார்ப்பாயைச் சரித்துக் கட்டுங்கள். கீழே இரண்டு சாண் இடைவெளி விடுங்கள். சரிவு இல்லாத தார்ப்பாயின் மடிப்பில் மழைநீர் தேங்கும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வெளிவந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். கொசு பெருகவிட்டதற்கான அபராதத்தை விடுங்கள், பக்கத்துப் பட்டறையில் வேலை செய்பவருக்கு டெங்கி வந்தால் அதற்கு நாம் என்ன பதில் சொல்ல முடியும்?

அடுத்தது சேறு. காய்ந்த செம்மண் பார்ப்பதற்குத் தூசுபோல் இருந்தாலும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உலோகத்தோடு ஒட்டவைத்துக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கு அடியில், பின்சக்கரத்தைத் தாங்கும் கைகளின் உட்புறம், டிரெய்லர் சட்டத்தின் பள்ளங்கள் ஆகிய மூன்றையும் விரலால் தடவிப் பார்த்துக் கழுவ வேண்டும். வேகநீரைச் சக்கர பேரிங்கை நோக்கிப் பீய்ச்சாதீர்கள். கிரீஸ் இருந்த இடத்தில் தண்ணீர் போய் உட்காரும். கழுவிய அன்றே மூடுவது இன்னொரு தவறு. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டிச் சூடேற்றி, ஒரு பகல் முழுக்கக் காற்றில் உலரவிட்டு, அதன்பிறகு சங்கிலிக்கு எண்ணெய் பூசுங்கள்.

பயணத்துக்கு, வண்டியை டிரெய்லரோடு கட்டும் ராட்செட் பெல்ட்டை இறுக்குவது சரி. அதே இறுக்கத்தில் மாதக்கணக்கில் விட்டால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கியே கிடக்கும், அதன் எண்ணெய் சீல் ஒழுகத் தொடங்கலாம். வெயில் படும் பெல்ட்டும் நைந்துபோகும். முடிந்தால் வண்டியை இறக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டிரெய்லரின் அச்சுக்கு முட்டுக்கொடுத்துச் சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் டயர் ஒரே இடத்தில் தட்டையாகாது. முன்பக்கம் சற்று உயர்ந்திருந்தால் மழைநீர் வடிந்துவிடும். டிரெய்லருக்குக் கைபிரேக் இருந்தால் அதைப் போட்டு வைக்காதீர்கள், பிரேக் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரங்கள் தரையில் நின்றால் அவற்றுக்குக் கட்டை வையுங்கள்.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டால் நல்லது என்று நம்புகிறவர்கள் ஏராளம். நான் அதை ஏற்கவில்லை. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. எஞ்சின் முழுச் சூட்டை எட்டுமுன் அணைத்தால் அந்த நீர் புகைக்குழாயிலும் எண்ணெயிலும் தங்கிவிடும். ஓட்டுவதென்றால் இருபது நிமிடம் நன்றாக ஓட்டுங்கள்; இல்லையென்றால் தொடாமல் விடுங்கள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் உள்ள வண்டியென்றால் அதில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். சில மாதங்களில் அது பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். இரும்பு டேங்க்கை நிரப்பி வைத்தால் உள்ளே காற்றும் ஈரமும் தங்க இடமிருக்காது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போய் மாதம் ஒருமுறை மின்னேற்றுங்கள். ஈய அமில பேட்டரியின் அளவு 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள்.

எலி நுழையாதிருக்கப் புகைக்குழாயைத் துணியால் அடைத்தால், அந்தத் துணியின் நுனியில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிடுங்கள். மறந்து எஞ்சினைக் கிளப்பிவிடக் கூடாது.

பதிவு செய்த வண்டியென்றால் சாலை வரி, காப்புறுதி, பத்தாண்டு வாகன உரிமைச் சான்றிதழ் ஆகியவற்றின் தேதிகள் வண்டி நின்றாலும் நிற்பதில்லை. அவற்றை நாட்காட்டியில் குறித்துவையுங்கள்.

மீண்டும் சாலைக்கு எடுக்கும் நாளில் டிரெய்லரின் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங்கைக் கழற்றிப் பார்க்காமல் ஜொகூருக்குப் போகும் காஸ்வே பாலத்தின் பக்கம் போகாதீர்கள். டயரில் கோடு ஆழமாக இருக்கிறதென்று திருப்தி அடையவும் வேண்டாம். பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. என் டிரெய்லரில் 1114 என்றிருந்தது. வெடிப்பு ஓடிய அந்த இரண்டு டயர்களையும் அன்றே மாற்றினேன்.