சேல்ஸ் டீம் உங்கள் ஃபோர்காஸ்ட்டை நம்ப வேண்டுமா? புது டேட்டா சயின்டிஸ்ட்டுக்கு நாலு படி

பைத்தான், எஸ்.க்யூ.எல் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். பிஸ்கட், சோப்பு, மசாலா மாதிரி சரக்கு விற்கும் கம்பெனியில் டிமாண்ட் ஃபோர்காஸ்ட், அதாவது எது எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டிக் கணிக்கும் வேலை, உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. மாடல் ஓடுகிறது, ஆனால் சேல்ஸ் ஆட்கள் "பார்க்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் பழைய ஷீட்டையே பார்க்கிறார்கள்.

படி 1: நேரம் பார்த்துப் போங்கள். மாதக் கடைசி வாரம் டார்கெட் குளோசிங். சேல்ஸ் பக்கம் தலைகாட்டாதீர்கள். ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாமாதம் போடும் ஜிஎஸ்டி ரிட்டர்ன்) கெடு 20ஆம் தேதி; அக்கவுன்ட்ஸ் ஆட்களை அதற்குப் பிறகு பிடியுங்கள். மார்ச் மாதத்தில் யாரையும் பிடிக்க முடியாது.

படி 2: எந்த விற்பனை என்று எழுதி வாங்குங்கள். அதிகம் இழுத்தடிக்கும் படி இதுதான். கம்பெனி டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போடும் பில் பிரைமரி. அவர் கடைக்குப் போடுவது செகண்டரி. கைக்குச் சுலபமாகக் கிடைப்பது பிரைமரிதான். அதை வரைந்து பார்த்தால் மாதாமாதம் கடைசி நாட்களில் கம்பி நட்டது போல எழும். மாடல் அதை சீசனாலிட்டி (குறித்த காலத்தில் திரும்பத் திரும்ப வரும் ஏற்ற இறக்கம்) என்று படித்துக்கொள்ளும். ஏரியா மேனேஜரிடம் காட்டினால், "லோடிங்கைப் போய் டிமாண்டுங்கிறீங்களே தம்பி" என்பார். டார்கெட்டுக்காக டிஸ்ட்ரிபியூட்டர் குடோனில் இறக்கிய சரக்கு அது. அடுத்த மாதத் தொடக்கத்தில் பில் காய்ந்துபோகும்.

ஆகவே முதலிலேயே கேளுங்கள்: பிரைமரியா, செகண்டரியா? ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? 12 வாங்கினால் 1 இலவசம் என்ற ஸ்கீமில் அந்த 1 கணக்கில் உண்டா? எக்ஸ்பைரி ரிட்டர்னைக் கழிப்பது பில் போட்ட மாதத்திலா, கிரெடிட் நோட் (ரிட்டர்ன் சரக்கின் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு) வந்த மாதத்திலா? பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி சேல்ஸ், ஃபைனான்ஸ் இரண்டு பேருக்கும் அனுப்பி "ஓகே" வாங்குங்கள். இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். அந்தச் சண்டை மெயிலிலேயே முடியட்டும், உங்கள் ரிவ்யூ மீட்டிங்கில் வேண்டாம்.

படி 3: பீட்டுக்கு, அதாவது சேல்ஸ்மேன் கடை கடையாகப் போகும் ரூட்டுக்கு, போங்கள். சேல்ஸ்மேன் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டால் போதும். கடைக்காரர் மேல் ரேக்கைக் காட்டி, "போன தடவை தள்ளிட்டுப் போனதே அப்படியே இருக்கு" என்பார். சேல்ஸ்மேன் ஆப்பில் 'நோ ஆர்டர்' போட்டு, காரணம் கேட்கும் இடத்தில் முதலாவதாக வரும் 'ஓனர் இல்லை'யைத் தட்டிவிட்டு அடுத்த கடைக்கு நகர்வார். நம்ப முடியாத அந்தக் காரணத்தை ஃபீச்சராக (மாடலுக்குக் கொடுக்கும் தகவலாக) வைத்திருந்தால் தூக்கிவிடுங்கள். மேலிடத்தில் போட்டு மட்டும் கொடுக்காதீர்கள். அப்புறம் யாரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள்.

படி 4: எக்செல்லில் கொடுங்கள். பவர் பிஐ டாஷ்போர்டு பெரியவர்களுக்கு. ஏரியா மேனேஜருக்கு வாட்ஸப்பில் திறக்கிற ஷீட்தான் தோது. எர்ரர் சதவீதம் எல்லாம் வேண்டாம். டிஸ்ட்ரிபியூட்டர் வாரியாக எத்தனை கேஸ் (பெட்டி) என்று போடுங்கள். பக்கத்தில் 'உங்கள் நம்பர்' என்று ஒரு காலிக் கட்டம். மாதம் முடிந்ததும் இரண்டையும் செகண்டரியோடு ஒப்பிட்டு அனுப்புங்கள். அவர் நம்பர் ஜெயித்த இடங்களை மேலே போடுங்கள்.

பின்சேர்க்கை: "எங்களிடம் செகண்டரி டேட்டாவே இல்லையே" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் டேலியிலிருந்து (கணக்கு எழுதும் சாஃப்ட்வேர்) குளோசிங் ஸ்டாக் மட்டும் வாங்குங்கள். ஓப்பனிங் ஸ்டாக்கோடு பிரைமரியைக் கூட்டி, குளோசிங்கைக் கழித்தால் ஏறக்குறைய செகண்டரி வந்துவிடும் (டேமேஜும் அதில் கலந்திருக்கும்). ஏரியா மேனேஜரைக் கூட வைத்துக்கொண்டு கேளுங்கள். ஹெட் ஆபீஸிலிருந்து நேராக ஃபோன் போனால், இன்னொரு லோடு இறக்கிவிடுவார்களோ என்று டிஸ்ட்ரிபியூட்டர்கள் ஸ்டாக்கைக் கூட்டியே சொல்வார்கள்.