குறள் சொல்லும் வேகத்தில் ஓடுங்கள்

ஓட்டத்தோடு, நன்றி சொல்லத் தோன்றியதை ஒரு நோட்டில் எழுதும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் புதிதாக ஓட வருபவர்களைக் கெடுப்பது பெரும்பாலும் வேகம்தான். மூச்சிரைக்க ஓடுகிறவருக்கு 'எப்போதடா முடியும்' என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றாது, நன்றியாவது, மண்ணாவது! ஓடிக்கொண்டே ஒரு குறளைச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் திணறாமல் வந்தால் வேகம் சரி. மூன்றாம் சீரிலேயே மூச்சு வாங்கினால் நடைக்கு மாறுங்கள்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதல் 5 நிமிடம் விறுவிறு நடை. பிறகு 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை. கடைசியில் 5 நிமிடம் மெதுநடை. மூன்றாவது வாரம் ஓட்டத்தை 2 நிமிடமாக்கி 6 முறை செய்யலாம். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதையே மறுபடி செய்யுங்கள், அதில் வெட்கமில்லை. மூச்சு சில வாரங்களிலேயே பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதக்கணக்கு ஆகும். 'நல்லாத்தானே இருக்கு' என்று ஓட்டத்தைச் சட்டென்று கூட்டுபவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரமாக வலி வருவது இதனால்தான். அப்படி வலித்தால் ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறது, நடந்தாலும் வலிக்கிறது என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கலாம். நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

ஷூவை மாலையில் வாங்குங்கள், அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.

சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். வியர்வை ஆவியாகாததால் உடம்புச் சூடு இறங்காது. அதே வேகத்துக்கு நெஞ்சு கூடுதலாக அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காலை 6:30 மணிக்குள் முடித்துவிடுங்கள். கடிகாரம் காட்டும் வேகத்தைப் பார்க்காமல் குறளையே நம்புங்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் மணலில் இறங்காமல் நடைபாதையிலேயே ஓடலாம். தளர்ந்த மணல் கெண்டைக்காலை இழுத்துப் பிடிக்கும். அலையோர ஈரமணல் சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழும். நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல் வந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது. உடனே மருத்துவ உதவி தேடுங்கள். சர்க்கரை, இதய நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன்பே டாக்டரைக் கேட்டுவிடுவது நல்லது.

அந்தக் கடைசி 5 நிமிட நடைதான் நன்றிக்கான நேரம். போனை எடுக்காதீர்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றி சொல்லத்தக்கவற்றை வாரம் ஒருமுறை, ஐந்துக்கு மிகாமல், பத்து வாரம் எழுதிவந்த மாணவர்கள், தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிட வாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அதிகமாக உடற்பயிற்சி செய்ததாகத் தெரிவித்தார்கள். ஆக, தினமும் எழுதித்தான் தீரவேண்டும் என்றில்லை. தினம் எழுதுகிறவர்களுக்குப் பத்தே நாளில் 'ஆரோக்கியத்துக்கு நன்றி' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வரும், அப்புறம் நோட்டு பரணுக்குப் போய்விடும்.

கண்ணில் பட்டதையும் காலில் உணர்ந்ததையும் எழுதுங்கள். 'தண்ணி லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார்.' 'போன வாரம் நடந்து ஏறிய மேம்பாலத்தில் இன்று குறள் முழுசாக வந்தது.' இப்படி எழுத வேண்டுமானால் ஓடும்போதே ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும், அதற்குத்தான் அந்த மெதுவேகம்.

வலித்த நாளில் நன்றியை வலிந்து வரவழைக்க வேண்டாம். எந்த இடம், எத்தனையாவது நிமிடத்தில் தொடங்கியது, நின்றதும் போனதா என்று அதே நோட்டில் குறித்துவையுங்கள். இரண்டு வாரப் பக்கங்களைப் புரட்டினால் எந்த நாளில் கூட்டிய நிமிடங்கள் வம்பு செய்தன என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும். டாக்டர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.