கல்லாப் பணத்தை ராத்திரியே கணக்கில் போட்டு, கரண்ட் பில் கட்டுவது எப்படி?

மளிகைக் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவர் என்று தினம் ரொக்கமாகச் சம்பாதிக்கிற பலருக்குக் கரண்ட் பில் தள்ளிப்போகும்போது கையில் பணம் இருக்கத்தான் செய்யும். கணக்கில்தான் இருக்காது. வங்கி திறந்திருக்கும் நேரத்தில் கடையை விட்டு நகர முடியாது, கடையைச் சாத்தும்போது வங்கி மூடியிருக்கும். இதற்குப் பணம் போடும் மெஷின்தான் நல்ல வழி. இதுவரை அதைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தேதியைச் சரிசெய்து கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். எடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போவார்கள், அப்புறம் மறு இணைப்புக் கட்டணமும் சேர்ந்துகொள்ளும்.

என்னைக் கேட்டால் 15ஆம் நாளையே கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். காரணம் இருக்கிறது. யூபிஐ வழியாகப் பில் கட்டும்போது கணக்கில் பணம் கழிந்து, மின்வாரியத்துக்குப் போய்ச் சேராமல் நின்றுவிட்டால், அது தானாகத் திரும்பி வர ரிசர்வ் வங்கி கொடுத்திருக்கும் அவகாசம் 5 நாள். கடைசி நாள் ராத்திரி கட்டி அப்படி மாட்டிக்கொண்டால், திரும்பக் கட்ட வேறு பணம் தேட வேண்டும். 15ஆம் நாளே கட்டியிருந்தால் பணம் திரும்பி வந்ததும் நிதானமாக மறுபடி கட்டலாம்.

மின் இணைப்பு எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். ராத்திரி பத்து மணிக்குப் பழைய ரசீதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எந்த மெஷினுக்குப் போவது?

உங்கள் கணக்கு இருக்கும் வங்கியின் மெஷினே நல்லது. எல்லா ஏடிஎம்மும் பணம் வாங்காது, போடும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். சில கிளைகளில் மெஷின் உள்ளே இருக்கும், சாயங்காலம் ஷட்டரை இறக்கினால் அதுவும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பகலில் அந்தப் பக்கம் போகும்போது, 24 மணி நேரமும் திறந்திருக்குமா என்று காவலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி விடுமுறை. அதோடு ஞாயிறும் சேர்ந்தால் ஊர்ப் பணமெல்லாம் மெஷினுக்கு வரும். பெட்டி நிரம்பிவிட்டால் அது பணம் வாங்காது. அதனால் ஞாயிறு ராத்திரியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். இன்னொன்று: சில தனியார் வங்கிகள், வங்கி நேரம் முடிந்த பிறகும் விடுமுறை நாளிலும் மெஷினில் போடும் பணத்துக்குக் கட்டணம் எடுக்கின்றன. உங்கள் வங்கியில் எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் போடுவது

வேலையில் பாதி வீட்டிலேயே முடிந்துவிட வேண்டும். பெரும்பாலான மெஷின்கள் 100, 200, 500 ரூபாய்த் தாள்களை வாங்கும், 10, 20 ரூபாயை வாங்காது. சில்லறைத் தாள்களைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள், அவர்களுக்கும் அது தேவைப்படும். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மடிந்த ஓரங்களை விரலால் நீவி விடுங்கள். செல்லோடேப் ஒட்டியது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியது, கிழிந்தது ஆகியவற்றைத் தனியே வைத்துவிடுங்கள், அவற்றை மெஷின் திருப்பித் தள்ளிவிடும். எண்ணி, மொத்தத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மெஷின் முன்னால் நின்று எண்ணுவது பாதுகாப்பும் இல்லை.

மெஷினில் முதலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கார்டு இருந்தால் கார்டு போட்டு ரகசிய எண்ணை அழுத்தலாம். இல்லையென்றால் கணக்கு எண்ணைத் தட்டலாம். அப்படித் தட்டியதும் கணக்குக்கு உரியவரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயரைப் படித்துப் பார்க்காமல் அடுத்த பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு எண் மாறிப்போனால் பணம் யாரோ ஒருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

அடுத்து மூடி திறக்கும். தாள்களை நேராக அடுக்கி வைத்துக் கையை எடுங்கள். மூடிக்கொண்டு சரசரவென்று எண்ணும். பிடிக்காத தாள்கள் திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், நிமிர்த்தி இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம். முடிவில் 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை, மொத்தம் எவ்வளவு என்று திரையில் காட்டும். அது உங்கள் துண்டுச் சீட்டோடு பொருந்தினால் மட்டும் உறுதி செய்யுங்கள். பொருந்தாவிட்டால் ரத்து செய்துவிடலாம், பணம் திரும்ப வரும். உறுதி செய்ததும் சீட்டு வரும். அதை அங்கேயே கசக்கிப் போட்டுவிட்டு வராதீர்கள்.

பெரிய தொகையை ரொக்கமாகப் போட வேண்டுமென்றால் பான் எண் தேவையா என்று வங்கியில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் நிற்பவர் எவ்வளவு அன்பாக உதவ வந்தாலும் கார்டை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

அப்புறம் பில்

பணம் பொதுவாக உடனே கணக்கில் ஏறிவிடும். குறுஞ்செய்தி வந்ததும் வங்கி ஆப்பிலோ யூபிஐ ஆப்பிலோ மின்சாரம், தமிழ்நாடு என்று தேர்ந்தெடுத்து மின் இணைப்பு எண்ணைப் போடுங்கள். பெயரும் தொகையும் வரும். சரிபார்த்துக் கட்டுங்கள், ரசீதைச் சேமித்துக்கொள்ளுங்கள். ஞாயிறா, ராத்திரியா என்ற கவலை இல்லை. வாடகையை வீட்டுக்காரர் கணக்குக்கு அனுப்புவதும் இப்படித்தான்: ஒரு வங்கிக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் அனுப்பும் நெஃப்ட் வசதி 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாளும் 24 மணி நேரமும் ஓடுகிறது.

"இன்றிரவே உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று தெரியாத மொபைல் எண்ணிலிருந்து செய்தி வந்தால் அழைக்காதீர்கள். அது மோசடிக்காரர்களின் வேலை. பாக்கி உண்டா என்று நீங்களே ஆப்பில் மின் இணைப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

மெஷின் பணத்தை விழுங்கிவிட்டால்?

சீட்டும் வரவில்லை, கணக்கிலும் ஏறவில்லை என்றால் பதற வேண்டாம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெஷின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணையும், திரையில் நிற்கும் செய்தியையும் போனில் படம் எடுங்கள். அங்கிருந்தே வங்கியின் உதவி எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். உதவி எண்ணை மெஷினில் எழுதியிருப்பதிலிருந்தோ கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுங்கள், இணையத்தில் தேடிக் கிடைப்பது போலியாக இருக்கலாம். மறுநாள் காலை கிளையில் எழுத்து மூலமாகவும் கொடுங்கள். மெஷினுக்குள் இருக்கும் பணத்தை எண்ணி ஒப்பிடும்போது கணக்குக்கு மேல் இருக்கும் தொகை தெரிந்துவிடும். உங்கள் துண்டுச் சீட்டுக் கணக்கு அங்கே கைகொடுக்கும். 30 நாளாகியும் வங்கி பதில் சொல்லவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். எப்படி என்று தெரிந்துகொள்ள 14448க்கு அழைத்துக் கேளுங்கள்.