குஸ்தார்: இங்கிலீஷ் வழியா போய் நாம பண்ற தப்புங்க

முதல்ல என் மானம் போன கதை. ஆன்லைன்ல ஸ்பானிஷ் சொல்லிக்குடுத்த மெக்சிகோ டீச்சர், அம்பது வயசுக்கு மேல இருக்கும், ரொம்ப பொறுமை. ஒருநாள் கிளாஸ் முடியும்போது "உங்களை எனக்கு ரொம்ப பிடிக்கும்"னு சொல்லணும்னு தோணுச்சு, "மே குஸ்தாஸ் முச்சோ"ன்னு அடிச்சு விட்டேன். ரெண்டு செகண்ட் சத்தமே இல்ல, அப்புறம் சிரிச்சாங்க பாருங்க. நான் சொன்னதுக்கு அர்த்தம் கிட்டத்தட்ட "உன் மேல எனக்கு ஒரு இது", அதுவும் 'நீ'ன்னு ஒருமையில வேற.

ஸ்பானிஷ்ல குஸ்தார்னு ஒரு வினைச்சொல், குஸ்தாஸ் அதுல இருந்து வர்றதுதான். டிக்‌ஷனரில 'விரும்பு'ன்னு போட்டிருப்பான், அங்கதான் சனியன் ஆரம்பிக்குது. இங்கிலீஷ்ல 'ஐ லைக் காபி'ன்னு 'நான்'ல ஆரம்பிச்சு பழகினதால நம்மாளுங்க 'யோ குஸ்தோ கஃபே'ன்னு சொல்றாங்க. யோன்னா நான். ஆனா குஸ்தோன்னா 'என்னைப் பிடிக்கும்'ங்கிற பக்கம் போயிடும், 'தே குஸ்தோ?'ன்னு கேட்டா 'உனக்கு என்னை பிடிச்சிருக்கா?'ன்னு அர்த்தம். சரியானது 'மே குஸ்தா எல் கஃபே'. மே = எனக்கு, குஸ்தா = பிடிக்கும். எனக்கு காபி பிடிக்கும், அவ்ளோதான்! வெள்ளைக்காரன் மாசக்கணக்குல மண்டைய உடைச்சுக்கிற விஷயம், நமக்கு தாய்மொழியிலயே இருக்கு, நாமதான் அதை விட்டுட்டு இங்கிலீஷ் வழியா சுத்தி வர்றோம்.

உச்சரிப்பும் அப்படித்தான். 'குஸ்டா' இல்ல, 'குஸ்தா'. ஸ்பானிஷ் த பல்லுல நாக்கு பட்டு வரும், 'வஸ்து'ல வர்ற து மாதிரி. ட போட்டா கேக்கவே கரடுமுரடா இருக்கும்.

ஆனா தமிழையே முழுசா நம்பினாலும் மாட்டிப்போம். நமக்கு ஒரு மாம்பழம் பிடிச்சாலும் பிடிக்கும்தான், ஒரு கூடை பிடிச்சாலும் பிடிக்கும்தான். ஸ்பானிஷ்ல பிடிச்ச பொருள்தான் எழுவாய், அது பன்மையா இருந்தா வினையும் மாறணும். 'மே குஸ்தா எல் மாங்கோ', 'மே குஸ்தான் லோஸ் மாங்கோஸ்'. (மாங்கோங்கிற வார்த்தையே நம்ம பக்கத்து மாங்காதான், போர்ச்சுகீஸ்காரன் கப்பல்ல ஏறிப் போனது.) அந்த ஒரு 'ன்'ஐ விடுறதுதான் நான் இன்னிக்கும் பண்ற தப்பு. ஆடப் பிடிக்கும், பாடப் பிடிக்கும்னு எத்தனை வேலையை அடுக்கினாலும் ஒருமைதான், 'மே குஸ்தா பைலார் இ கன்தார்'.

அப்புறம் அந்த எல், லோஸ், இங்கிலீஷ்ல 'தி' (the) மாதிரி. நமக்கு அப்படி ஒரு சாமானே கிடையாதா, அதனால 'மே குஸ்தா கஃபே'ன்னு மொட்டையா சொல்லிடுவோம். பொதுவா ஒரு பொருளை பிடிக்கும்னு சொன்னா எல், லோஸ் மாதிரி ஒண்ணு கண்டிப்பா வேணும்.

பேர் சொல்லி பேசும்போது இன்னொரு கூத்து. 'குமாருக்கு காபி பிடிக்கும்'னா நாம 'க்கு'வை ஒரு தடவை போட்டு முடிச்சிடுவோம். அங்க ரெண்டு தடவை, 'ஆ குமார் லே குஸ்தா எல் கஃபே', குமாருக்கு அவனுக்கு பிடிக்கும்ங்கிற மாதிரி. லே வேஸ்ட்டுனு தோணும், ஆனா விடக்கூடாது. யாராவது 'எனக்கு பிடிக்கும்'னு சொல்லி நீங்க 'எனக்கும்'னு சொல்லணும்னா 'ஆ மி தம்பியென்'. 'யோ தம்பியென்'னா 'நானும்', இங்க ஒட்டாது.

இப்போ டீச்சர் மேட்டருக்கு வர்றேன். நாம 'உன்னை'ன்னு சொல்றதால அந்த 'ஐ'க்கு ஸ்பானிஷ்ல ஒரு சொல்லைத் தேடுவோம், 'மே தே குஸ்தா'ன்னு ஏதோ உளறுவோம். தேவையே இல்ல, குஸ்தாஸ்ல இருக்கிற கடைசி 'ஸ்'தான் 'நீ'. ஆனா மனுஷங்களைப் பார்த்து நேரா சொன்னா பெரும்பாலும் காதல் வாடைதான் அடிக்கும். ஃப்ரெண்டா பிடிக்கும்னா 'மே காஎஸ் பியென்', மரியாதையா சொல்லணும்னா 'மே காஎ பியென்'. நான் டீச்சர்கிட்ட 'மே குஸ்தா கோமோ என்சென்யா', நீங்க சொல்லிக்குடுக்கிற விதம் பிடிக்கும்னு சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேன்.

ஹோட்டல்ல 'மே குஸ்தா உன் கஃபே'ன்னு (இந்த ஸ்பானிஷ் 'உன்'னா 'ஒரு') ஆர்டர் பண்ணாதீங்க, 'ஒரு காபி வேணும்'னு அர்த்தம் வராது. 'மே குஸ்தாரியா உன் கஃபே'ன்னு சொல்லலாம், இல்லன்னா 'உன் கஃபே, போர் ஃபவோர்', முடிஞ்சது.

ரொம்ப ரொம்ப பிடிக்கும்னா 'மே என்கான்தா', அதுலயே 'ரொம்ப' இருக்கு, பின்னாடி முச்சோ ஒட்ட வேண்டாம்.

இந்த 'எனக்கு' ட்ரிக் வேற இடத்துலயும் ஓடும், 'மே துவேலே லா கபேசா', எனக்கு தலை வலிக்குது, அச்சு அசல் தமிழ். அந்த ஜோர்ல 'எனக்கு பசிக்குது'க்கும் மே போட்டேன், டீச்சர் மறுபடி சிரிச்சாங்க. பசிக்கு 'தெங்கோ ஆம்ப்ரே', அதாவது 'பசி வச்சிருக்கேன்'.