ஊழியரை அயல்நாட்டு இறையியல் படிப்புக்கு அனுப்பத் திட்டமிடும் திருச்சபைகளுக்கு

ஓர் ஊழியரை இறையியல் படிக்க அயல்நாட்டுக்கு அனுப்பத் திருச்சபை தீர்மானிக்கும்போது, கல்லூரிகளைத் தேடுவதற்கு முன்பாக, அவர் திரும்பி வந்து ஏற்கப்போகும் பணி எது என்பதை எழுத்தில் வைத்துவிட வேண்டும். வேதாகம மொழிபெயர்ப்புக்குச் செல்பவருக்கு எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் ஆழ்ந்த பயிற்சி தேவை. பிற சமயத்தாரிடையே பணியாற்றப் போகிறவருக்கு அச்சமயத்தின் மூல நூல்களைக் கற்பிக்கும் துறை தேவை. பணி முடிவானால் பாடப்பிரிவைப் பற்றிய குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்து, அயல்நாட்டுப் படிப்பு தேவைதானா என்பதை நேர்மையாக ஆராயுங்கள். மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் பிரெஸ்பிட்டேரியன் செமினரி (இறையியல் கல்லூரி) இதையொத்த ஒரு கேள்வியை எதிர்கொண்டது. தலைநகரில் படித்தவர்களில் பலர் கிராமச் சபைகளுக்குத் திரும்பவில்லை. சபைகளை உண்மையில் நடத்தி வந்தவர்களோ, குடும்பத்தையும் தொழிலையும் விட்டுவர இயலாதவர்கள். எனவே 1963இல் ஆசிரியர்களே அவர்களைத் தேடிச் செல்லத் தொடங்கினர். மாணவர்கள் வீட்டில் சுயகற்றல் பாடங்களைப் படித்துவிட்டு, வாரந்தோறும் ஆசிரியரோடு கூடி, படித்ததைத் தங்கள் சபையின் சிக்கல்களோடு பொருத்தி விவாதித்தனர். விரிவாக்க இறையியல் கல்வி என்று பின்னர் பல நாடுகளில் பரவிய இம்முறையே, சபைத் தலைவர்களை உருவாக்க இன்றும் மிகப் பொருத்தமானது என்பது என் உறுதியான எண்ணம். உயர் ஆய்வுக்கும் பெரிய நூலகங்களுக்கும் பிற நாட்டுத் திருச்சபைகளோடு சேர்ந்து கற்பதற்கும் மட்டுமே அயல்நாட்டை நாடலாம்.

அனுப்புவதென்று முடிவானால், ஆய்வுத் தலைப்பில் மிகுந்த கவனம் வையுங்கள். ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளின் இறையியல் கல்விக்கு உதவ 1958இல் தொடங்கப்பட்ட இறையியல் கல்வி நிதியம், தைவானைச் சேர்ந்த ஷோக்கி கோவின் தலைமையில், 1970களில் சூழல்சார் இறையியலை, அதாவது அந்தந்த மக்களின் வாழ்க்கைச் சூழலில் எழும் கேள்விகளுக்கு விடை தேடும் இறையியலை, வலியுறுத்தியதும் இந்த அக்கறையோடுதான். படிக்கும் நாட்டின் விவாதங்களிலேயே மூழ்கிவிடும் ஆய்வேடு, அனுப்பிய சபைக்குப் பெரிதாக உதவாது. ஆகையால் சொந்தச் சபை உண்மையாகவே தவிக்கும் ஒரு கேள்வியைத் தலைப்பாக்கி, உள்நாட்டு அறிஞர் ஒருவரை இணை நெறியாளராக ஏற்குமாறு கல்லூரியிடம் கேளுங்கள். களப்பணிக்காக இடையில் ஊர் திரும்ப அனுமதிக்கும் கல்லூரியானால் இன்னும் நன்று.

பட்டத்தை உங்கள் நாட்டின் இறையியல் அமைப்புகள் ஏற்குமா என்பதை எழுத்துமூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள். கட்டணத்தோடு குடும்பச் செலவையும் திரும்பும் பயணச் செலவையும் கணக்கில் சேருங்கள். திரும்பி வருபவருக்குரிய பொறுப்பும் ஊதியமும் கடைசி ஆண்டு தொடங்கும் முன்பே தீர்மானமாகி, அதை உறுதிசெய்யும் கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.